குளிர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ!

ஊட்டிக்குப் போய் வந்தவர்களைக் கண்டால் எனக்கு ஒரு பயம் உண்டு. போட்டோ காட்டுவார்கள். முன்பெல்லாம் ஆல்பத்தை மடியில் வைத்தார்கள். இப்போது செல்போனை மூக்குக்கு நேரே நீட்டுகிறார்கள். தப்பிக்க வழியில்லை என்பதில் மட்டும் மாற்றமில்லை. படகு இல்லத்தில் அவர், தொட்டபெட்டாவில் அவர், ரோஜாத் தோட்டத்தில் அவர், பைன் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவர் (மரம் விழுந்துவிடும் என்று பயமோ என்னவோ). நானூறு படம் தள்ளி முடிப்பதற்குள் அவருடைய சிவப்பு ஸ்வெட்டரின் பின்னல் நமக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். மலை எப்படி இருக்கும் என்று மட்டும் தெரிந்திருக்காது. அது பாவம், அவருக்குப் பின்னால் எங்கேயோ நின்றுகொண்டிருந்திருக்கிறது.

எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் ஒரு நண்பர். அவருடைய அம்மாவுக்கு முழங்கால் வலி. பஸ்ஸில் நாலு வளைவு திரும்பினால் தலைசுற்றல் வேறு. "நான் எங்கடா மலை ஏறப் போறேன்? ஊட்டி எப்படி இருக்கும்னு ஒரு படம் எடுத்துட்டு வா, பார்த்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நண்பர் போனார், 412 படங்களோடு திரும்பினார். அம்மா பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் நீயே இருக்கியேடா. உன்னைத்தான் தினமும் பார்க்கறேனே" என்றாராம்.

மனுஷன் நொந்துபோய் என்னிடம் வந்தார். நான் பல வருடங்களாக லீவு கிடைக்கும்போதெல்லாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு நீலகிரிக்கு ஓடுகிறவன் என்பது ஆபீஸில் பிரசித்தம். "பாஸ், அடுத்த தடவை நானும் உங்ககூட வர்றேன். அம்மாவுக்கு ஒரே ஒரு உருப்படியான படம் வேணும்" என்றார். ஜனவரியில் கிளம்பினோம். அந்தப் பயணத்தை வைத்தே, சனி ஞாயிறு மட்டும் லீவு உள்ள (மானேஜர் மனசு வைத்தால் திங்கள் அரை நாள்) நம்மைப் போன்றவர்களுக்குச் சில யோசனைகள்.

ஒன்பது பாயிண்ட் வேண்டாம்

ஊட்டியில் இறங்கியதும் வேன்காரர்கள் ஒரு அட்டையை நீட்டுவார்கள். ஒரே நாளில் ஒன்பது பாயிண்ட், பத்து பாயிண்ட். கணக்குப் பாருங்கள். போகவர நேரம், டீ, பாத்ரூம், வறுத்த கடலை எல்லாம் போக ஒரு இடத்துக்குப் பதினைந்து நிமிஷம்கூடத் தேறாது. அந்தப் பதினைந்து நிமிஷத்தில் மேகம் மூடியிருந்தால்? வெள்ளைச் சுவரின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வரவேண்டியதுதான். அதற்கு நம்ம வீட்டு மொட்டை மாடிச் சுவரே போதும், சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறோம்.

மலையில் நாம் எடுப்பது இடத்தை அல்ல, வெளிச்சத்தை. அதே பள்ளத்தாக்கு காலை ஆறரைக்கு ஒரு மாதிரி, ஒன்பதுக்கு வேறு மாதிரி, பன்னிரண்டு மணிக்கு ரேஷன் கடை சாக்கு மாதிரி. ஆகவே முதல் விதி: ஒரு வேளைக்கு ஒரு இடம். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. அங்கே போய் உட்காருங்கள். காத்திருங்கள். பஸ் ஸ்டாப்பில் 12பி-க்கு அரை மணி நேரம் நிற்கிறோம்; ஒரு மலைக்கு நிற்கக்கூடாதா?

ரயிலில் ஏறுங்கள், குன்னூரில் இறங்குங்கள்

சென்னையில் வெள்ளிக்கிழமை இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் சனிக்கிழமை விடிகாலை மேட்டுப்பாளையம். காலை ஏழு மணி சுமாருக்கு மலை ரயில். டிக்கெட்டுக்கு முன்கூட்டியே, ரொம்ப முன்கூட்டியே புக் செய்யவேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் ஓட ஆரம்பித்த ரயில் இது. 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று சேர்த்துக்கொண்டது. மேலே போய்ச் சேரக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். பக்கத்தில் ஓடுகிற நாய்கூடக் கொஞ்சம் போரடித்துப்போய்த் திரும்பிவிடும். ஆனால் போட்டோ எடுக்கிறவனுக்கு இதைவிட நல்ல வேகம் கிடையாது.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் செங்குத்து. 12 அடிக்கு ஒரு அடி என்ற கணக்கில் ஏறுகிறது. அதனால் தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த இன்னொரு தண்டவாளம். எஞ்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். இங்கே கவனிக்கவேண்டியது, ஏறும்போது எஞ்ஜின் முன்னால் இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. ஆகவே முன்பக்கப் பெட்டியில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் வளைவில் திரும்பும்போது புகையும் எஞ்ஜினும் மொத்த ரயிலும் ஜன்னல் வழியே ஃபிரேமுக்குள் வரும். எஞ்ஜினை ஒட்டிய பெட்டியில் உட்கார்ந்தால் சத்தம் மட்டும் வரும்.

ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்ஜின் தண்ணீர் குடிக்க நிற்கும். அங்கே நமக்கு முன்பே குரங்குகள் பிளாட்பாரத்தில் காத்திருக்கும். பிஸ்கட் பாக்கெட்டை ஒரு கையிலும் கேமராவை ஒரு கையிலும் வைத்திருந்தால் எதைப் பிடுங்குவது என்று குரங்குதான் முடிவு செய்யும். பிஸ்கட்டை உள்ளே வையுங்கள். குரங்குக்குத் தீனி போடாதீர்கள்.

1998-ல் வந்த மணிரத்னத்தின் 'உயிரே'வில் ஷாருக் கான் இந்த ரயிலின் கூரைமேல் நின்று ஆடினார். சந்தோஷ் சிவன் அதை எடுத்த விதத்தைப் பார்த்துவிட்டு நமக்கும் கை பரபரக்கும். ஷாருக் கானுக்குப் பின்னால் ஒரு யூனிட்டே இருந்தது. நமக்குப் பின்னால் டி.டி.ஆர். மட்டும்தான் இருக்கிறார். கை, தலை, செல்போன் எதையும் வெளியே நீட்டவேண்டாம். குகைச் சுவர் ரொம்பக் கிட்டே வரும்.

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு டீசல் எஞ்ஜின்தான். நீராவி மோகம் உள்ளவர்களுக்கு ரயில் குன்னூரிலேயே முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நாங்கள் அங்கேயே இறங்கினோம். ஊட்டிக்கே டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: வழியில் அரவங்காட்டில் 1904-லிருந்து இயங்கும் வெடிமருந்துத் தொழிற்சாலை, வெலிங்டனில் ராணுவம். அங்கெல்லாம் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக இருங்கள்.

மதியத்துக்கு மரநிழல், மாலைக்கு டால்பின் மூக்கு

உச்சி வெயிலில் மலைக்காட்சி எடுக்காதீர்கள். நிழலே இருக்காது, நிழல் இல்லாவிட்டால் மலைக்கு மூக்கு முழி இருக்காது. அந்த நேரத்துக்கு ஏற்ற இடம் குன்னூர் சிம்ஸ் பூங்கா. 1874-ல் ஆரம்பித்தது. பெரிய மரங்களுக்கடியில் ஈரமான நிழல். பெரணி இலை, பாசி பிடித்த கிளை, இலையிடுக்கில் விழும் ஒற்றை வெயில் கீற்று என்று கிட்டத்தில் போய் எடுக்க ஆயிரம் விஷயம். மனித முகம் எடுப்பதற்கும் இந்த நிழல்தான் உத்தமம். கண்ணைச் சுருக்கமாட்டார்கள்.

மூன்று மணிக்கு மேல் டால்பின் நோஸ். குன்னூரிலிருந்து 12 கிலோமீட்டர். போகிற வழியிலேயே லாம்ப்ஸ் ராக். அங்கிருந்து பார்த்தால் கீழே சமவெளி தரைவிரிப்பு மாதிரி விரிந்து கிடக்கும். டால்பின் நோஸில் நின்றால் எதிர்ச் சரிவில் கேத்தரின் நீர்வீழ்ச்சி, சுமார் 250 அடி, தூரத்தில் ஒரு வெள்ளை நூல் மாதிரி தொங்கும். நண்பர் உடனே செல்போனை எடுத்து 'டப்' என்று ஒன்று எடுத்தார். பார்த்தால் அருவியைக் காணோம். "எங்கே பாஸ் போச்சு?"

எங்கேயும் போகவில்லை. செல்போனில் சாதாரணமாக இருப்பது அகலக் கோண லென்ஸ். அது பக்கத்தில் இருப்பதைப் பெரிசாக்கும், தூரத்தில் இருப்பதைச் சுருக்கிவிடும். கண்ணுக்கு மலையாகத் தெரிவது படத்தில் மணல்மேடாகிவிடுவது இதனால்தான். தூரத்து மலைக்கு ஜூம் லென்ஸ் வேண்டும். செல்போனில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று தனி லென்ஸ் இருந்தால் அதைத் தொடுங்கள். இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிசாக்குவது மட்டும் வேண்டாம். அது ஜூம் இல்லை, படத்தை வெட்டி ஊதுவது.

இன்னொன்று, ஃபிரேமில் ஒரு சின்ன மனிதர் இருக்கட்டும். அருவி பெரிசு என்று சொல்ல ஒரு அளவுகோல் வேண்டாமா? நண்பரை வேலிக்கு உள்ளே, பாறைக்குப் பக்கத்தில் தள்ளி நிற்கச் சொல்லி, எறும்பு சைஸில் எடுத்தேன். "என் மூஞ்சியே தெரியலையே" என்றார். "அதான் வேணும்" என்றேன். வேலிக்கு உள்ளே என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். மலை விளிம்பில் பின்பக்கமாக நடந்து செல்ஃபி எடுத்தவர்களைப் பற்றிய செய்தி அடிக்கடி பேப்பரில் வருகிறது. அவர்கள் யாரும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

கேத்தியில் காத்திருந்தோம்

ஞாயிறு காலை ஐந்தேகாலுக்கு டாக்ஸி. குன்னூர்–ஊட்டி ரோட்டில் கேத்திப் பள்ளத்தாக்கு தெரிகிற இடம். டிரைவர் அந்தப் பக்கத்துக்காரர். நாங்கள் போய் நின்றபோது எதிரே ஒன்றுமே இல்லை. பள்ளத்தாக்கு, மலை, ஊர் எல்லாம் பாலில் முங்கிக் கிடந்தன. நண்பரின் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

"போயிடலாமா பாஸ்? ஊட்டில ஏதாவது பார்க்கலாம்."

டிரைவர் சிரித்தார். "இருங்க சார். வெயில் அந்த மேட்டுக்கு வரட்டும். தானா தொறக்கும்."

ரோட்டோரம் ஒரு டீக்கடை. பாய்லரில் ஆவி பறந்தது. கம்பளியைத் தலையோடு போர்த்திய ஒரு பெரியவர் கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, குடிக்காமல் சும்மா சூட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே ஒரு மஞ்சள் பல்பு. அதற்குப் பின்னால் ரோடு நாலு அடியில் மறைந்துபோயிருந்தது. நண்பருக்கு வேறு வேலை இல்லை. பெரியவரிடம் போய், "ஐயா, ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டார். "எடுத்துக்க தம்பி" என்றார் அவர். எடுத்தார்.

நாற்பது நிமிஷம். ஏழு மணி இருக்கும். முதலில் ஒரு மரத்தின் உச்சி. பிறகு கோயில் கோபுரம் மாதிரி ஒன்று. அப்புறம் யாரோ போர்வையை இழுத்த மாதிரி மேகம் நகர்ந்தது. கேரட் பாத்திகள் படிப்படியாக, நடுவில் ஓட்டு வீடுகள், அடுப்புப் புகை, சரிவில் சாய்ந்து விழுந்த முதல் வெயில். இரண்டு நிமிஷம், மிஞ்சினால் மூன்று. மறுபடி மூடிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு வேன் வந்து நின்றது. பதினைந்து பேர் இறங்கி, வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். நண்பர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மாதிரி மூடுபனி எடுக்கும்போது ஒரு சூட்சுமம். கேமராவுக்கு வெள்ளை என்றால் சந்தேகம். எதைப் பார்த்தாலும் சாம்பலாக்கிவிடும். ஆகவே எக்ஸ்போஷரை +1 வரை கூட்டிக்கொள்ளுங்கள். செல்போனில் திரையைத் தொட்டால் ஒரு சூரியன் பொம்மை வரும். அதைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். அழுக்கு வேட்டி சலவை வேட்டியாகிவிடும். பனியில் ஏதாவது ஒரு கறுப்பு உருவம் (மரம், கம்பம், ஆள்) முன்னால் இருந்தால்தான் பனி என்றே தெரியும்.

அந்தக் கேத்தி ஸ்டேஷனில்தான் 1982-ல் வந்த 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சியை எடுத்தார் பாலு மகேந்திரா. மழை, சேறு, ரயில். அந்தப் படத்துக்காக ஒளிப்பதிவுக்கான தேசிய விருதும் வாங்கினார். வெயில் இல்லையே, மழையாக இருக்கிறதே என்று லாட்ஜில் போர்த்திக்கொண்டு படுத்திருப்பவர்கள் அந்தக் காட்சியை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. மேகமூட்டத்தின் வெளிச்சம் மெத்தென்று இருக்கும். ஈர ரோடும் ஈர இலையும் மின்னும். குடை மட்டும் இருந்தால் போதும்.

நீலம் எங்கிருந்து வந்தது?

நீலகிரிக்கு நீலம் என்று பெயர் வந்ததற்குக் காரணம் பார்க்க வேண்டுமென்றால் கோடநாடு போங்கள். கோத்தகிரியிலிருந்து 18 கிலோமீட்டர், முழுக்கத் தேயிலைத் தோட்டம். முனையில் நின்றால் கீழே மாயாறு பள்ளத்தாக்கு, அப்பால் மைசூர்ப் பீடபூமி, ஒரு பக்கம் ரங்கசாமி சிகரம். அதிகாலையில் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி நிற்கும். கிட்டத்து மலை கருநீலம், அடுத்தது நீலம், அதற்கடுத்தது வெளிர் நீலம், கடைசி மலை வானத்தோடு கலந்திருக்கும். நமக்கும் மலைக்கும் நடுவே உள்ள காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால் வருகிற வேலை இது; தூரம் கூடக் கூட நடுவில் காற்றும் கூடும், மலை வெளுத்துக்கொண்டே போகும். இந்த அடுக்கை எடுக்க ஜூம்தான் சரி. அடுக்குகளை இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும். இதற்கு முதல்நாள் இரவே கோத்தகிரியில் தங்கிவிடுவது நல்லது. காலையில் எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள் என்று லாட்ஜில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

தொட்டபெட்டா 2,637 மீட்டர், தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரம். பார்க்கவேண்டிய இடம்தான். ஆனால் கூட்டம் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் இருந்தால் அதைவிட நல்ல சமாசாரம் தலைகுந்தாவில் இருக்கிறது. உறைபனி. விடிகாலையில் புல்வெளி முழுக்க உப்புத் தூவின மாதிரி இருக்கும். தரையோடு தரையாகக் குனிந்து, சூரியனை எதிரே வைத்து எடுங்கள். ஒவ்வொரு புல்லுக்கும் வைரமூக்குத்தி. வெயில் பட்டுச் சற்று நேரத்தில் எல்லாம் தண்ணீர். லேட்டாக எழுந்தவர்களுக்கு ஈரமான பேன்ட் மட்டும் மிஞ்சும்.

தலைகுந்தா போகிற மைசூர் ரோட்டில்தான் இந்து நகர். இங்கே 1960-ல் மத்திய அரசு ஆரம்பித்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இருந்தது. தூசியில்லாத காற்று, குளிர்ந்த ஊர் என்பதால் ஊட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். 'இந்து' ஃபிலிம் சுருளும், ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே ஃபிலிமும் இங்கிருந்துதான் போயின. டிஜிட்டல் வந்தது, கம்பெனி நஷ்டத்தில் மூழ்கி மூடப்பட்டது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். ஒரு சுருளுக்கு 36 படம்தான் என்ற காலத்தில் நாம் ஒவ்வொரு தடவையும் யோசித்து விரலை அழுத்தினோம். இப்போது 36 படம் ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடுகிறோம். நண்பருக்கு அன்றைக்கு ஒரு நிபந்தனை போட்டேன்: ஒரு நாளைக்கு 36, அவ்வளவுதான். முதலில் முனகினார். மத்தியானத்துக்குள் பழகிவிட்டார். எடுப்பதற்கு முன் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

மேற்குப் பக்கம்

பைன் காடு, யூகலிப்டஸ், சீகை மரம், தேயிலை. நாம் ஊட்டி என்று எடுக்கிற படங்களில் பாதி, வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. 19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் ஆரம்பித்து வைத்த வேலை. நீலகிரியின் சொந்த முகம் வேறு. அலையலையான புல்வெளி, மடிப்புகளில் மட்டும் காலிஃபிளவர் மாதிரி குட்டையான அடர்ந்த சோலைக்காடு. அவலாஞ்சி, மேல்பவானி பக்கம் போனால் பார்க்கலாம். வனத்துறை வண்டியில்தான் உள்ளே கூட்டிப்போவார்கள், அதில் போங்கள். சோலையும் புல்லும் சேரும் கோட்டை ஃபிரேமில் வையுங்கள். அந்தப் புல்வெளியும் சோலையும்தான் மழைத்தண்ணீரைப் பஞ்சு மாதிரி பிடித்துவைத்து நம் ஆறுகளுக்கு மெல்ல விடுகின்றன.

எந்த மாதம் போவது? ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரியும், மலை ரயிலை நிறுத்துவார்கள். மார்ச், ஏப்ரலில் ரோட்டோர ஜகரண்டா மரங்கள் ஊதாவாகப் பூக்கும். மே மாதம் மலர்க் கண்காட்சி. பூவை எடுக்க முயன்றால் தலைதான் விழும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வானம் துடைத்து வைத்த மாதிரி. என் ஓட்டு அதற்குத்தான்.

பையில் இருக்கவேண்டியவை

பேட்டரிக்கும் குளிரும். சீக்கிரம் தீர்ந்துவிடும். உபரி பேட்டரியை உள்சட்டைப் பையில், நெஞ்சுச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிக் குளிரிலிருந்து சூடான அறைக்குள் வந்ததும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். லென்ஸ் முழுக்க ஆவி படியும். பையை மூடியபடி அரை மணி வைத்துவிட்டுத் திறங்கள்.

அருவி பட்டுத்துணி மாதிரி வரவேண்டுமா? ஷட்டரை கால் விநாடி, அரை விநாடி என்று மெதுவாக்கி, ட்ரைபாடில் வையுங்கள். ட்ரைபாட் இல்லையா? கைப்பிடிச் சுவரில் துண்டை மடித்து அதன்மேல் கேமராவை வைத்து, இரண்டு விநாடி டைமர் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

தேயிலை இலை வெயிலில் வெள்ளையாகப் பளபளத்துப் பச்சையே தெரியாமல் போகும். போலரைசர் ஃபில்டர் ஒன்று மாட்டித் திருப்பினால் பச்சை திரும்பி வரும்.

கடைசியாக, லென்ஸைத் துடையுங்கள். உங்கள் செல்போனில் எல்லாப் படமும் கனவுக் காட்சி மாதிரி கலங்கலாக வந்தால் அது நீலகிரிப் பனி இல்லை. மிளகாய் பஜ்ஜி.

அம்மா எடுத்த முடிவு

ஞாயிறு இரவு மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறி, திங்கள் காலை சென்னை. பத்து மணிக்கு ஆபீஸில் இருந்தோம். அடுத்த சனிக்கிழமை நண்பர் வீட்டுக்குப் போனேன். பத்துப் படங்களை மட்டும் பிரின்ட் போட்டு வைத்திருந்தார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். மலை ரயில், கேத்தரின் அருவி, அந்த மூன்று நிமிஷத்துக் கேத்திப் பள்ளத்தாக்கு. நான் மனதுக்குள் பந்தயம் கட்டியிருந்தது பள்ளத்தாக்கின் மேல். அம்மா அதைத் தாண்டிப் போய்விட்டார். டீக்கடைப் படத்தில் நின்றார். தம்ளரைப் பொத்திப் பிடித்த அந்தப் பெரியவரின் கையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதுல குளிரு தெரியுதுடா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதைத்தான் தம்பி கேட்டேன். அங்கே போய் நின்னா எப்படி இருக்கும்னு."

நண்பர் அந்தப் படத்தை இன்னொரு பிரதி போட்டு, டிரைவர் மூலமாகக் கேத்தி டீக்கடைக்கு அனுப்பினார். பெரியவருக்குப் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்தது.

கேட்டுவிட்டு எடுங்கள்

இதைத் தனியாகச் சொல்லவேண்டும். தேயிலை பறிக்கிற பெண்கள் நம் படத்துக்காக நிற்கவில்லை; அவர்களுக்குக் கூலி, எடை போடுகிற இலைக்கு. ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். தோடர் மந்துக்குப் போனால் அது ஒருவர் வீட்டு வாசல் என்பதை மறக்கவேண்டாம். அரைவட்டக் கூரையும், பூ வேலைப்பாட்டுச் சால்வையும் படத்துக்கு அழகுதான்; ஆனால் கோயில் பக்கம் கேட்காமல் நெருங்கக்கூடாது. படம் அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்புங்கள். அனுப்பமாட்டீர்கள் என்றால் சொல்லாதீர்கள்.

காட்டெருமை குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் சர்வசாதாரணமாக மேயும். பார்க்கப் பசு மாதிரி சாதுவாக இருக்கும். பக்கத்தில் போனால் அப்படி இருக்காது. முதுமலை ரோட்டில் வண்டியை நிறுத்துவது, இறங்குவது, யானைக்கு ஃப்ளாஷ் அடிப்பது எல்லாமே குற்றம். அபராதம் யானை போடுவதற்குள் வனத்துறை போட்டால் நம் அதிர்ஷ்டம். டிரோனை அனுமதி இல்லாமல் பறக்கவிடாதீர்கள்.

2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கு வண்டியில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது. கிளம்பும் முன் அன்றைய விதி என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். கேமராப் பையில் அது ஒன்றுக்குத்தான் மேகம், வெளிச்சம், பேட்டரி என்று எந்தப் பிரச்னையும் கிடையாது.

செல்ஃபியே எடுக்கக்கூடாதா என்று கேட்கிறீர்கள். தாராளமாக எடுங்கள். ஒன்று. மிச்சம் 35-ஐ மலைக்கு விடுங்கள்.